டனேடினா, வெலிங்டனா?

வழியனுப்பு விருந்து முடிந்து நான்கு மாதமாகியும் காஸ்தோன் அதே தெருவில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தான். பிரச்சினை அதுதான்.

"என்ன ராசா, நியூசிலாந்துல தக்காளி கிடைக்கலையா?" என்றாள் காய்கறிக்கடை எல்சா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போகப்போறேன் எல்சா. எந்த ஊருன்னுதான் இன்னும் முடிவாகல."

"முடிவாகலையா? அப்ப அன்னைக்கு நான் அழுதேனே, அது எந்த ஊருக்கு?"

காஸ்தோன் காசை எண்ணிக் கொடுத்தான். ஏப்ரலில், அவன் விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, நண்பர்களும் தெருக்காரர்களும் கூடி, மாட்டு விலாவைக் கரியில் சுட்டு, அவன் தோளில் ஒரு பெரிய முதுகுப்பையை மாட்டி, கட்டிப்பிடித்து அனுப்பிவைத்தார்கள். அனுப்பிவைத்தது உண்மை, அவன்தான் போகவில்லை. எங்கள் புவெனஸ் அயர்ஸில் இப்படி ஒருவன் மறுநாளும் தெருவில் நடமாடினால், செத்தவன் எழுந்து காப்பி குடிக்க வந்ததைப்போல்தான் பார்ப்போம்.

அவன் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளி அவன் இடத்துக்குப் பிரிஸிலா என்ற பெண்ணை எடுத்துவிட்டார். இப்போது ஒரு மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஃபிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் காஸ்தோனை அடிக்க ஆளில்லை. வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள், "உங்களுக்கு இதுதாங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டுவான். அதுவாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்டவன் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒன்றரை வருஷமாக நின்றுகொண்டிருந்தான்.

நின்றுகொண்டேயிருக்க நேரமும் இல்லை. ஒரு வருஷம் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று நியூசிலாந்து தரும் அந்த விசா முப்பத்தைந்து வயது வரைதான். வருஷத்துக்கு ஒரு தடவை இணையத்தில் விண்ணப்பம் திறந்த வேகத்தில், சூடான எம்பனாதா பலகாரத் தட்டு காலியாவதைப்போல நம் பிள்ளைகள் இருக்கிற கொஞ்ச இடங்களையும் காலி பண்ணிவிடுவார்கள். பிப்ரவரியில் காஸ்தோனுக்கு முப்பத்தாறு. இந்தத் தடவை தவறினால் நியூசிலாந்தை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆசையெல்லாம் டனேடின்மேல். மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு வேளையில், கைபேசியில் அந்த ஊர்த் துறைமுகத்தைப் பார்ப்பான். யாரோ புண்ணியவான் அங்கே ஒரு கேமராவை வைத்து நாள் முழுக்க ஓடவிட்டிருந்தார். இங்கே திங்கள் மதியம் என்றால் அங்கே செவ்வாய் அதிகாலை. நனைந்த சாலை, மஞ்சள் விளக்கு, தண்ணீருக்கு அப்பால் கறுப்பாக ஒரு மலை. சில நாள் மழைக்கோட்டு போட்ட ஒருவர் நாயோடு கடந்துபோவார். வேறொன்றும் நடக்காது. கையில் பிடித்த சாண்ட்விச்சைக் கடிக்க மறந்து காஸ்தோன் பார்த்துக்கொண்டிருப்பான். நாளை என்பது ஏற்கெனவே வந்துவிட்ட ஊர். அதுவும் இவன் இல்லாமலே வந்துவிட்டது. யாரோ சட்டைப் பொத்தானைப் பிடித்து மெதுவாக இழுப்பதுபோல் நெஞ்சில் ஓர் இழுப்பு இருக்கும்.

வெலிங்டன் புத்தி சொல்லும் ஊர். தலைநகரம். வேலை சுலபமாகக் கிடைக்கும். டனேடினில் என்ன இருக்கிறது? கடற்சிங்கம் இருக்கிறது. அது கண்ணாடி போடாது.

ஞாயிற்றுக்கிழமை ரவியோலி சாப்பிடும்போது குடும்பத்திடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தான். முதல் தப்பு.

"வெலிங்டன்," என்றாள் அம்மா உடனே. "அங்க நம்ம தூதரகம் இருக்கு. பாஸ்போர்ட் தொலைஞ்சா ஓடிப்போய் நிக்கலாம்."

"நான் ஏம்மா தொலைக்கப்போறேன்?"

"நீ குடையத் தொலைக்காத வருஷம்னு ஒண்ணு சொல்லு."

"குயின்ஸ்டவுன்," என்றான் அக்கா நொயேலியாவின் கணவன். "பனிச்சறுக்கு விடலாம்."

"உனக்குப் படியிலயே ஒழுங்கா இறங்கத் தெரியாது," என்றாள் நொயேலியா. "ஆக்லாந்துதான் சரி."

மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, "பார்சிலோனா," என்றார்.

"அது நியூசிலாந்துல இல்ல மாமா."

"அதனாலதான் சொல்றேன்."

ரவியோலி ஆறுவதற்குள் இரண்டு ஊர் ஐந்து ஊராகியிருந்தது. கைகழுவும் இடத்தில் நொயேலியா அவன் காதைப் பிடித்தாள். "உனக்குக் கோளாறு ஊர்ல இல்லடா, உள்ள இருக்கு. ஒரு மனநல ஆலோசகர்கிட்ட போ."

மற்ற ஊர்களில் எப்படியோ. எங்கள் ஊரில் ஆலோசகரிடம் போகாதவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்போம். அந்த வாரமே காஸ்தோன் போனான். வில்லா கிரெஸ்போ பகுதியில் பழைய கட்டடம், நாலாவது மாடி, செவ்வாய் மாலை ஆறு மணி. டெபோரா என்று பெயர். படிப்பை முடித்துச் சில வருஷங்களே ஆனவர், முகத்தில் எதையும் காட்டாதவர். முகம் தெரியவும் வாய்ப்பில்லை. காஸ்தோன் மெத்தையில் படுத்து விட்டத்தைப் பார்த்துப் பேச, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து "ம்ம்" என்பார்.

மூன்று வாரம் "ம்ம்" மட்டுமே. நான்காவது வாரம் அவன் டனேடினை நினைத்து உருகிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து முதல் கேள்வி வந்தது.

"வீட்டுக்குள்ள ரொம்பக் குளிருமோ?"

காஸ்தோன் ஆடிப்போனான். வீட்டுக்குள் குளிர்! அப்பா உயிரோடிருந்த காலமெல்லாம் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்தச் சாப்பாட்டு மேஜை கண்முன்னே வந்தது. கால்மணி நேரம் அழுதான்.

"சரி," என்றார் டெபோரா, அழுகை ஓய்ந்ததும். "ஹீட்டர் இருக்குமில்ல?"

ஹீட்டர்! அம்மாவை இதைவிட அழகாக யாரால் ஒரு சொல்லில் அடக்க முடியும்? அவளை நினைத்து இன்னொரு பத்து நிமிஷம் அழுதான்.

வாரத்துக்கு வாரம் கேள்விகள் ஆழமாயின. மழை எத்தனை நாள் விடாது? அறையைப் பகிர்ந்துகொள்வதென்றால் எத்தனை பேரோடு? அவன் எழுதி வைத்திருந்த நோட்டைக்கூட அவர் கேட்டு வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தார். எந்தத் தெருவில் வெயில் விழும், எந்த விடுதியில் ஆள் எடுப்பார்கள், எந்தப் பேருந்து கடற்கரைக்குப் போகும் என்று ஒன்றரை வருஷத்து ஏக்கம் முழுவதும் அதில்தான் இருந்தது. "என் நோட்டைப் படிக்கிறாங்க நொயே! ஒவ்வொரு பக்கமா!" என்று அக்காவிடம் நெகிழ்ந்தான்.

குணமானானா என்றால், இல்லை. பேசப் பேச டனேடின் அவனுக்குள் வீடு கட்டிக் குடியேறிவிட்டது. ஆனால் அந்த வீட்டுக் கதவைத் தட்டவும் பயம். இத்தனை ஆசைப்பட்ட இடம் அவனைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டுவிட்டால்?

விசா திறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலைதான். ஆலோசகரிடம் வரமுடியாதென்று எப்படிச் சொல்வது என அவன் தவித்துக்கொண்டிருக்க, அவரே அன்றைக்கு முடியாதென்று செய்தி அனுப்பிவிட்டார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டான்.

நொயேலியா வீட்டில் மூன்று கணினிகள். இரண்டு நடுவழியில் நின்றுவிட்டன. மூன்றாவது காஸ்தோன் முன்னால், கடைசிப் பக்கத்தில்.

"அமுக்குடா!"

"ஒரு நிமிஷம் இரு. டனேடின்ல குளிர்காலத்துல..."

"ஊரு யாரு கேட்டா? நாட்டுக்குள்ள போறதுக்குத்தான் விசா! அமுக்கு!"

"எங்க போறோம்னு தெரியாம எப்படி நொயே..."

மாத்தே தேநீர்க் கிண்ணத்தோடு பின்னால் நின்றிருந்த அம்மா அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். ஒரு விரலால் அமுக்கினாள். திரையில் பச்சையாக ஏதோ வந்தது. அந்த வருஷத்து இடங்களில் ஒன்று அவனுடையதாகிவிட்டது. நொயேலியா கத்தினாள். அம்மா தன் விரலையே பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அழறியா?"

"மாத்தே சூடு," என்றாள் அம்மா. அதை அவள் இன்னும் வாயில் வைக்கவே இல்லை.

விசா கையில் வந்ததும் கதை இன்னும் கெட்டது. சாக்கு இல்லை. விமானச் சீட்டில் ஊர் பெயர் போட்டே ஆக வேண்டும். அடுத்த செவ்வாய் மெத்தையில் படுத்ததும் படுக்காததுமாகச் சொல்லிவிட்டான்:

"விசா கிடைச்சிடுச்சு. டனேடின்தான். முடிவு பண்ணிட்டேன். பயமாத்தான் இருக்கு, ஆனா போறேன்."

"ம்ம்" வரவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது.

"காஸ்தோன்."

அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"வெலிங்டன் போங்க."

காஸ்தோன் எழுந்து உட்கார்ந்து திரும்பிப் பார்த்துவிட்டான். மெத்தையில் இருப்பவர் செய்யக் கூடாத காரியம் அது. டெபோராவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"நீங்க... இதெல்லாம் சொல்லலாமா?"

"சில சமயம் சொல்லலாம்."

"ஏன் வெலிங்டன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "டனேடின் உங்க ஏக்கம். அங்க போய் நின்னுட்டீங்கன்னா, அப்புறம் எதுக்காக ஏங்குவீங்க?"

காஸ்தோனுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் அவனை இவ்வளவு புரிந்துகொண்டவர் யாருமில்லை.

"ஊர் பேரையே சொல்லிட்டாங்களா?" நொயேலியாவுக்கு வயிறு எரிந்தது. "ஒன்பது வருஷமா போறேன்டா. என் ஆலோசகர் தும்மினாக்கூட அது அபிப்பிராயமாயிடும்னு அடக்கிக்கிறாரு!"

இரண்டே நாளில் வெலிங்டனுக்குச் சீட்டு எடுத்தான். மார்ச் மாதம், மாற்றவே முடியாத சீட்டு. தன்னைப் பற்றித் தெரிந்தவன் வேறு சீட்டு எடுக்க மாட்டான்.

அன்று மதியம் கடைசி முறையாகத் துறைமுகத்தைத் திறந்தான். அங்கே மழை. மழைக்கோட்டுக்காரர் வந்தார். நாய் ஒரு கம்பத்தை முகர்ந்துகொண்டே நிற்க, அவரும் அவசரமில்லாமல் நின்றார். எங்கும் போகவேண்டாதவர்கள் நிற்கிற நிற்பு அது. "போயிட்டு வரேன்," என்றான் காஸ்தோன் திரையிடம். ஒரு நாளும் கால் வைக்காத ஊரிடம் விடைபெறுவது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்தான், மறுபடி நிமிர்த்தினான். பக்கத்தில் பிரிஸிலா எதையும் கவனிக்காதவள்போல் ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

கோடை வந்தது. ஜனவரி, பிப்ரவரியில் எங்கள் ஊர் ஆலோசகர்கள் ஒருவர்விடாமல் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். நகரம் தன் கவலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும். காஸ்தோனுக்கு முப்பத்தாறு ஆனது. இரண்டாவது வழியனுப்பு விருந்துக்கு எல்சா வர மறுத்துவிட்டாள். "விமானம் ஏறிட்டு போன் பண்ணு, அப்ப அழறேன்."

கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரு பெட்டி அல்ஃபஹோர் இனிப்போடு வில்லா கிரெஸ்போவுக்குப் போனான். நன்றி சொல்ல வேண்டும். அதோடு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், அந்த "ம்ம்"மை இன்னொரு முறை கேட்க வேண்டும்போலிருந்தது.

வாசலில் கட்டடக் காவலாளி ரூஃபினோ பித்தளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாவது மாடி மணிக்குப் பக்கத்தில் பெயர் இல்லை.

"டாக்டரம்மா இல்ல தம்பி. காலி பண்ணிட்டாங்க."

"காலியா? எங்க?"

"வெளிநாடு. ஒரு வருஷம் வேலை பாத்துக்கிட்டே ஊர் சுத்தறதாம். முப்பத்தஞ்சு வயசு தாண்டிட்டா கிடையாதாமே, அந்த விசா."

"எந்த நாடு?"

"நியூசிலாந்து."

காஸ்தோன் இனிப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். விசா திறந்த அன்று அவரே முடியாதென்று சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை. அந்தச் சிவந்த காதுகள். எந்த ஆலோசகரும் சொல்லத் துணியாததை அவர் ஏன் சொன்னார் என்பது இப்போதல்லவா விளங்குகிறது! வெலிங்டன் போங்க. போங்க என்றால் என்ன அர்த்தம்? வாங்க என்றல்லவா அர்த்தம்! பதினைந்து வயதில் விட்டுப்போன ஏதோ ஒன்று அவன் விலா எலும்புக்குள் குதித்தது. டனேடின் போனால் போகட்டும். காற்றடிக்கும் அந்தத் தலைநகரத்தில், ஏதோ ஒரு தெருமுனையில், குடையைத் தொலைத்துவிட்டு அவன் நிற்பான்; எதிரே அவர் வருவார்.

"எந்த ஊருக்குன்னு சொன்னாங்களா, ரூஃபினோ?" என்றான்.

ரூஃபினோ துணியை உதறி மடித்துக்கொண்டார்.

"டனேடினோ என்னவோ சொன்னாங்க தம்பி, எந்நேரமும் அந்த ஊரைப் பத்தியே பேசிக்கிட்டிருந்த நோயாளி ஒருத்தரு அங்க வந்து நின்னுடுவாரோன்னுதான் பாவம் பயந்துக்கிட்டே கிடந்தாங்க, நல்லவேளை அந்த ஆளை எப்படியோ பேசி வெலிங்டனுக்குத் திருப்பிவிட்டுட்டாங்களாம்."