வீட்டு மாவில் ஒரு பாறை

கொங்கிறீற்றின் உறுதி பற்றி ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவன் நான். முப்பது ஆண்டுகள் பாலங்களுக்குக் கணக்குப் பார்த்தேன். அவற்றுள் ஒன்றும் இதுவரை விழவில்லை. ஆயினும், என் சொந்தக் கைகளால் கட்டிய ஒரே கட்டடம் நான்கு நாள்களில் தின்னப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. (இடிந்தது அல்ல, தின்னப்பட்டது. அச்சுப்பிழை இல்லை.)

கட்டடத்தின் உரிமையாளர் ஒரு சிறுத்தைப் பல்லி. சாண் நீளம், மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள். தலையைச் சாய்த்து எதையும் சந்தேகத்தோடு கேட்பதால் என் மனைவி கௌரி அதற்கு அப்புக்காத்து என்று பெயர் வைத்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞரை முன்பு அப்படித்தான் சொல்வார்கள். அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று தட்டுகளில் ஒரு பாறைக் குகை அமைக்க வேண்டும் என்று ஒரு கடித உறையின் பின்புறத்தில் படம் வரைந்து, சாமான்களையும் வாங்கி வைத்தாள். பங்குனியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். படம் இருந்தது.

அப்புக்காத்து அவள் கையிலிருந்து மட்டுமே உண்டு பழகியது. நான் இடுக்கியில் நீட்டிய சுவர்க்கோழிப் பூச்சிகளைப் பார்த்துவிட்டு, மனு தள்ளுபடி என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தடித்திருந்த வால் நாளுக்கு நாள் மெலிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தர்ஷினி தீர்ப்பு வழங்கினாள்.

“அப்பா, அது ஒளிக்க இடமில்லாமல் வெருண்டு போயிருக்கு. உங்களாலயும் பாக்க ஏலாது. ஊர்வனக் காப்பகத்தில சனிக்கிழமைக்கு நேரம் கேட்டு டெர்மின் எடுத்திட்டன். அவை நல்லாப் பாப்பினம்.”

“ஒளிக்கிற இடம்தானே பிரச்சினை? நான் கட்டுறன்.”

“நீங்களோ? கணக்குப் பாத்த ஆள். ஒருநாளாவது சாந்து குழைச்சிருக்கிறியளோ?”

“சனிக்கிழமைக்குள்ள அது சாப்பிட்டால் டெர்மினை விடுவியோ?”

“சாப்பிட்டாப் பாப்பம்.”

கௌரி தொட்டு வளர்த்த உயிர் அந்த வீட்டில் அது ஒன்றே மிச்சம் என்பதை நான் சொல்லவில்லை.

திங்கள் காலை கண் விழித்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு, எனக்கு அவசரம் இருந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் பாண் வெட்டும் கத்தியால் ரெஜிபோம் என்னும் வெண்ணுரைப் பலகையை அறுக்கத் தொடங்கினேன். வெண்மணிகள் பறந்து புருவங்களில் ஒட்டின. தட்டு மூன்று, வாசல் இரண்டு, சாளரம் ஒன்று. (பல்லிக்குச் சாளரம் எதற்கு என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.)

மேலே பூசச் சாந்து வேண்டும். நிலவறையில் இரண்டு தயிர் வாளிகள் இருந்தன. கௌரியின் கையெழுத்தில் ஒன்றில் ‘கடை மா’. மற்றதில் ‘வீட்டு மா’. இலக்கணம் கற்றவனுக்குச் சந்தேகம் எழலாமா? கடை மா, கடையில் வாங்கிய உணவுப் பொருள். வீட்டு மா, வீட்டுக்கு உரிய மா, அதாவது தூள். நான்காம் வேற்றுமைத் தொகை. ஆகவே அப்புக்காத்தின் வீட்டுக்கான சாந்துத் தூள். அவளுடைய சொற்சிக்கனத்தை மனத்துக்குள் பாராட்டினேன்.

குளிர்நீரில் அது பிடிக்கவில்லை. வெந்நீர் இறுகலை விரைவாக்கும் என்பது கோட்பாடு, ஊற்றினேன். என்ன இசைவு, என்ன வழுவழுப்பு. என் ஆய்வுக்கூடத்தில்கூட இப்படியொரு கலவையைக் கண்டதில்லை. வாளி காலியாகும்வரை பூசினேன். வண்ணப் பூச்சு பல்லிக்கு ஆகாதென்று கடுந்தேயிலைச் சாயம் தடவினேன். மணற்கல் தோற்றது.

செவ்வாய் மாலை பாறையைப் பெட்டிக்குள் வைத்து, இருபது சுவர்க்கோழிகளையும் விட்டேன். அப்புக்காத்து முகர்ந்து, தலை சாய்த்து, உள்ளே போய்விட்டது. மகளுக்குப் பதினொரு படங்கள் அனுப்பினேன். அன்றிலிருந்து உள்ளே இடைவிடாத ‘கறுக் கறுக்’ ஓசை. உண்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

சனிக்கிழமை தர்ஷினி பயணக் கூடையோடு வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

“அப்பா, கூரை எங்க?”

“இறுகேக்க கொஞ்சம் சுருங்கும்.”

“சுவரையும் காணேல்லையே.”

சுவர்க்கோழி என்று பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி. இருபதும் பூச்சோடு ரெஜிபோமையும் கொறித்தபடி என் மூன்றாம் தட்டில் அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்தன. தர்ஷினி ஒரு துண்டை உடைத்து முகர்ந்தாள். நாக்கு நுனியிலும் வைத்தாள்.

“இது புட்டு மா.”

“அது சாந்து. அம்மாவின்ர கையெழுத்து இருக்கு.”

“எந்த வாளி?”

“வீட்டு மா.”

அவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “வீட்டில அவிச்ச மா, அப்பா! சாந்துப் பை வோஷிங் மெசினுக்குப் பின்னால கிடக்கு.”

ஏழாம் வேற்றுமை. நாற்பது ஆண்டுகள் அந்தப் புட்டை உண்டவன், அதன் மா எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை.

சிரிப்பு சட்டென்று நின்றது. “முழுக்கவோ?”

“முழுக்க.”

கௌரி கடைசியாக அவித்து அரித்து வைத்த மா அது. தர்ஷினி கையிலிருந்த துண்டை மெல்லப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

அப்போது அப்புக்காத்து இடிபாடுகளிலிருந்து வெளியே வந்தது. தலை சாய்த்தது. மா தின்று கொழுத்து நகர முடியாமல் இருந்த ஒரு சுவர்க்கோழியை லபக்கென்று கவ்வியது. பிறகு இன்னொன்று. ஏழு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. (கண்ணில் ரெஜிபோம் மணி.)

“அம்மாதான் தன்ர கையால தீத்திவிட்டிருக்கிறா,” என்றாள் தர்ஷினி மெதுவாக. பிறகு காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்து, பல்லி தன் வீட்டைத் தின்றவர்களைத் தின்கிறது, ஆகவே வரவில்லை என்று ஜெர்மன் மொழியில் விளக்கினாள். அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்களோ தெரியாது.

இப்போதைய குகை உண்மையான சாந்தால் ஆனது. அப்புக்காத்தின் வாலும் தடித்துவிட்டது. ஆனால் நெடுஞ்சாலையில் நான் கணக்குப் பார்த்த பாலம் எதையாவது பெருமையோடு சுட்டிக்காட்டினால், தர்ஷினி காரின் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பாள்:

“அப்பா, இது கடை மாவோ, வீட்டு மாவோ?”

“கடை மாதான், பிள்ளை. பயப்படாமல் காரை ஓடு,” என்பேன். “வீட்டு மா முடிஞ்சுது.”