பொட்டு வைத்த கார்

கோப்பாய் கோபிசங்கர் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். கம்பனியிடம் இரண்டு வருஷக் குத்தகைக்கு எடுத்த வெள்ளைக் கார் முற்றத்துக்கு வந்த அன்றே போட்ட சட்டம். புருஷன், பெண்சாதி இரண்டு பேரிடமும் லைசன்ஸ் இருக்கிறது. யார் முதலில் காரைக் கீறுகிறாரோ, அவர் பிறகு காரின் திறப்பை, அதாவது சாவியை, தொடக் கூடாது. அந்த முதற் கீறல் உதயகலாவுடையதாகத்தான் இருக்கும் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. ஆகவே முன்னெச்சரிக்கையாகத் திறப்பை அன்றைக்கே தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் மாதமே ஒழுங்கை வேலியில் நின்ற கதியால் தடி ஒன்று, சட்டத்தை மதிக்காமல் கதவில் உரசிவிட்டது. மனுஷன் அசரவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்து, கீறலின் மேல் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். பொட்டு வைத்த வாகனத்தை யாழ்ப்பாணத்தில் யார் சந்தேகிக்கப் போகிறார்கள்? பிறகு கேற்றுத் தூண், கிணற்றுக்கட்டு, சந்தை வாசலில் ஒரு சைக்கிள். பொட்டும் நாலாயிற்று. காருக்குப் பக்தி கூடிக்கொண்டு போகுது என்று உதயகலா ஒருநாள் சொன்னதோடு சரி.

காரைத் திருப்பிக் கொடுக்கிற நாள் நெருங்கியது. சோதிக்க வருகிறவன் ஒவ்வொரு கீறலையும் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுவானாம். புதுக் காரும் அன்றைக்கே வரும். உதயகலா கேட்டுக்கொண்டு நின்றால் அதன் திறப்பு கைவிட்டுப் போய்விடும். கோபிசங்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு முதல்நாள் காலை, கடைசியாக ஒருக்கால் பூசை செய்விக்க அளவெட்டிக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அரியாலையில் பெயின்ற் அடிக்கிற சிமியோனிடம் போய் நின்றார்.

சிமியோன் பொட்டுகளைத் துடைத்துத் துடைத்து எண்ணினான்.

"ஏழு கீறல் அண்ணை."

நாலுதான் என்று இவர் வாதாடினார். அவன் ஏழையும் தொட்டுக் காட்டினான். பின்பக்கத்தில் மாத்திரம் மூன்று. இடித்ததும் நினைவில்லை, பொட்டு வைத்ததும் நினைவில்லை. வயது போகிறது என்று தனக்குள் வெட்கப்பட்டுக்கொண்டார்.

பின்னேரம் கார் பளபளவென்று வீடு வந்தது. உதயகலா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பூசை நல்லா நடந்ததோ?"

"ஓம். ஐயர் விசேஷமாச் செய்தவர்."

"கோயிலுக்குப் போன வாகனம் பொட்டோடை வாறதுதான் நான் கண்டது. பொட்டை அழிச்சு அனுப்பின ஐயர் ஆர்?"

கோபிசங்கர் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

"ஏழு கீறல், உதயா. ஏழும் நான்தான்."

"ஏழில்லை. உங்கடை நாலு. பின்பக்கத்து மூண்டும் என்ரை. ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறி சாப்பிட்டுட்டு நீங்கள் நித்திரை. சட்டை ஆணியிலை. திறப்பு சட்டையிலை."

கோபிசங்கரின் முகத்தில் உயிர் வந்தது. சட்டம் இன்னும் சாகவில்லை.

"அப்ப நீரும் கீறினனீர்?"

"ஓம். பொட்டு வைக்கிறதையும் உங்களைப் பாத்துத்தான் பழகினன். அப்ப முதற் கீறல் ஆரின்ரை?"

மறுநாள் சோதிக்க வந்தவன் ஒரு கீறலும் இல்லையென்று மெச்சினான். புதுக் காரின் திறப்பை உதயகலா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். சந்தனக் கிண்ணத்தைப் புருஷனின் கையில் கொடுத்தாள்.

"பொட்டு வைக்கிற வேலை உங்களுக்கே இருக்கட்டும்."