அழைக்காமல் வந்த மாங்கனீஸ்

"ரிசல்ட் வந்துடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார் மேனேஜர்.

"வந்துடுச்சு சார்," என்றார் டிஷ்யூ. "வரக்கூடாததும் சேர்ந்து வந்திருக்கு."

எதையும் காகிதக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார் என்பதால் பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர். திரையில் இரும்பு உயரமாக நின்றது. பக்கத்திலேயே மாங்கனீஸ், ஒரு சதவீதம். ஆனால் சோதனைக்கென்று பரிசோதனைக்கூடங்களுக்குச் சான்றிதழ் தரும் அதிகாரியம்மா அனுப்பிய உலோக வில்லையின் லேபிளில் 'தூய இரும்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மெஷின் புதுசு. உலோக வில்லையை அதன் வாயில் வைத்து, உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பி, மின்சாரத்தை விட்டு விட்டுத் துடிக்கவிட்டால் ஊதா வெளிச்சம் மினுக்மினுக்கென்று எரியும். வில்லையிலிருந்து பெயர்ந்து வரும் அணுக்கள் ஆளுக்கொரு நிறத்தில் ஒளிவிடும். அந்த நிறத்தை வைத்து உள்ளே யார் யார் என்று மெஷின் சொல்லிவிடும். இதை வாங்கியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் டிஷ்யூதான்.

"மூணு மணிக்கு அந்தம்மா வராங்க. சான்றிதழ் கிடைக்கலேன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடுவேன்," என்றார் மேனேஜர். "நீங்க பழையபடி ஆசிட் ரூமுக்கே போயிடலாம்."

உலோகத்தை ஆசிட்டில் கரைத்துச் சோதிக்கும் அந்த ரூமில் பதினோரு வருஷம் இருமியவர் டிஷ்யூ.

"மேல ஏதோ அழுக்கு சார். அஞ்சே நிமிஷம்!"

வில்லையை உப்புத்தாளில் தேய்த்தார். மாங்கனீஸ் அசையவில்லை. உப்புத்தாளிலிருந்து அலுமினியம் வந்து சேர்ந்துகொண்டது.

குழாயில் கழுவினார். தண்ணீரிலிருந்த கால்சியமும் வந்தது.

பதற்றத்தில் சட்டை நுனியால் துடைத்து, வியர்த்த விரலால் ஒரு தடவு தடவினார். சோடியம் துள்ளிக் குதித்தது. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"சாப்பிட்டாச்சா?"

"சோடியம் ஏறிடுச்சு, போனை வை!"

"நான் உப்பைக் குறைச்சுத்தானே போட்டேன்!"

மின்துடிப்பைக் கூட்டினால் எல்லாம் எரிந்து ஓடிவிடும் என்று குமிழைத் திருகினார். உள்ளே 'பட்' என்றது. மெஷினின் வாய்ப்பகுதியே பொசுங்கி, அதிலிருந்த செம்பும் திரையில் ஏறியது.

"என்னய்யா இது, மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு?" என்றார் மேனேஜர். "இன்னும் கொஞ்சம் துடைச்சா தங்கமே வந்துடும் போலிருக்கே!"

மணி இரண்டேகால். டிஷ்யூ வாய்ப்பகுதியை மாற்றினார். புதுக் கையுறை போட்டார். வில்லையை முறைப்படி சீவி, ஆல்கஹாலில் கழுவி, மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடாமல் பொருத்தினார். அலுமினியம் போனது, கால்சியம் போனது, சோடியமும் செம்பும் போயின. மாங்கனீஸ் மட்டும் குத்துக்கல்லாக அங்கேயே இருந்தது, அதே ஒரு சதவீதம்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. திரையின் ஓரத்தில் தனிமங்களின் பட்டியல் இருந்தது. எதெதைத் தேட வேண்டுமோ அதற்கெல்லாம் ஒரு டிக். இருபது வருஷ வேலையில் செய்யாத காரியத்தை டிஷ்யூ செய்தார். மாங்கனீஸின் டிக்கை எடுத்துவிட்டார். காது சுட்டது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் காகிதத்தில் 'தூய இரும்பு' என்று அழகாக அச்சாகி வந்தது.

அதிகாரியம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"இதுதான் மெஷின் சொன்னதா?"

"ஆமாம் மேடம்."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அந்தம்மா காகிதத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார். டிஷ்யூவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காற்று வாங்க வெளியே வந்தார். கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரைப் பார்த்ததும் பாசம் பொங்கியது.

"நல்லாத் துடைக்கிறீங்க! எங்க ரிசல்ட்டும் அப்படித்தான், பளிச்சுன்னு சுத்தம். மாங்கனீஸ் துளிகூட இல்லை!"

டிரைவர் துணியை உதறிவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்களுமா சார்? மாங்கனீஸ் கலந்த வில்லையில வேணும்னேதான் மேடம் அந்த லேபிளை ஒட்டி அனுப்பறாங்க. மெஷின் சொன்னதை அப்படியே எழுதற ஒரே ஒரு ஆளுக்காவது சான்றிதழ் குடுத்துடணும்னு இத்தோட எட்டு லேப் சுத்திட்டோம்!"