ஜாலான் என்றால் வெறும் நடைதான்

மாலாங், வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய சுலாஸ்திரி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நான் நலம். அத்தானின் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு நீங்கள் இங்கே வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வர வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாம் கெட்டதே போனில்தான். அதனால் சுராபாயா வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சர்க்கரைக்காக டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொன்னார். தெருநாய் என்றால் எனக்கு உயிர் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு ஹெர்லம்பாங் ஐயா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், குடையோடு துணைக்கு வருவதாகச் சொன்னார். ஒளிவுமறைவு கூடாதென்று தெருப் பெண்களின் வாட்ஸப் குழுவில் நானே எழுதினேன்: "நாளை முதல் ஹெர்லம்பாங் ஐயாவோடு ஜாலான். விருப்பமுள்ளவர்கள் சேர்ந்துகொள்ளலாம்."

பள்ளியில் இந்தோனேசிய மொழி கற்பிக்கிறவள் எழுதுகிற வாக்கியமா இது! ஒருத்தி ஒருவரோடு 'ஜாலான்' என்றால் நம் ஊரில் யார் கால்களை நினைக்கிறார்கள்? காதல் என்றுதானே அர்த்தம்! நாங்கள் நடந்த அந்த ஒரு வாரமும் குழுவில் வாழ்த்துகளும் ரோஜாப்பூப் படங்களுமாக வந்து குவிந்தன. பதறிப்போய் விளக்கம் எழுதினேன். ஜாலான் ஆதியில் பாதை, கடலோடிகளோடு மடகாஸ்கர் வரை போன சொல், அங்கே இன்றும் பாதைதான். பிறகு அது நடப்பது ஆயிற்று, இரண்டு முறை சொன்னால் உலாவுவது. காதல் என்பது நேற்று வந்த அர்த்தம், அதை நான் கருதவே இல்லை என்று. மறுநாள் காய்கறி வண்டியருகே பக்கத்து வீட்டு துத்திக் எல்லோர் முன்னாலும், "ஏன் டீச்சர், ஒரு நடைக்கு இவ்ளோ பெரிய பாடமா? மடகாஸ்கர் வரைக்கும் போயாச்சு, நிக்கா ஆபீஸ் பக்கத்துலதானே இருக்கு!" என்றாள். வண்டிக்காரர் ஒரு கீரைக்கட்டை என் பையில் திணித்து, "இது மாப்பிள்ளைக்கு, காசு வேணாம்" என்றார்.

துத்திக்தான் உங்கள் காதிலும் போட்டிருப்பாள். அன்றிலிருந்து அவர் நடக்க வரவில்லை. கோபமா, வெட்கமா, ஒண்ணும் புரியல. நான் வீட்டுக்குள்ளயே சாப்பாட்டு மேசையைச் சுத்திச் சுத்தி நடக்கிறேன்க்கா. இந்த நேரத்துல பெரியப்பா வந்து உட்கார்ந்து, "தம்பி, உங்க எண்ணம் என்ன?"ன்னு கேட்டா அந்த மனுஷன் ஊரையே காலி பண்ணிடுவார். என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் என்கிட்ட நிதானமா பேசின ஒரே ஆள். பேச்சும் பெரிசா ஒண்ணுமில்ல, எந்த ரயில் எங்க லேட்டாச்சுங்கிறதுதான். ஆனா கேட்கப் பிடிச்சிருந்தது. நடைத்துணை, அவ்வளவுதான். அதையும் கெடுத்துடாதீங்க.

பெரியப்பாவின் முழங்காலில் நெற்றி வைத்து வணங்கியதாகச் சொல்லவும். உங்கள் எல்லோருக்கும் இறைவன் நலமும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

தங்கள் தங்கை,
ரெத்னோ

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், கேட் சத்தம். அவர்தான். குழுவில் எழுதிய விளக்கத்தை யாரோ காட்டினார்களாம். "அந்தக் கடைசி அர்த்தத்தை நீங்க கருதவே இல்லைன்னு எழுதியிருந்தீங்க. அதான் டீச்சர், வரலை" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டேன். இப்போதுதான் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துடுங்க. பெரியப்பா கண்டிப்பா வேணும்.