ஸ்டமாதிஸின் புனித எலும்பு

அக்டோபர் பிறந்தால் போதும், கிரேக்க நாட்டு வோலோஸ் ஊரில் குளிருக்கு விரிக்க வீட்டுக்கு வீடு பரணிலிருந்து கம்பளம் இறங்கும். அந்துருண்டை நெடியோடு அதை இறக்குவது புருஷன் வேலை. மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த ஸ்டமாதிஸ், இந்த வருஷம் கம்பளத்தைத் தொடுவதில்லை என்று சபதமே எடுத்துவிட்டார். காரணம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் காபிக்கடையில் தாவ்லி என்ற பகடை ஆட்டத்தின் கடைசிச் சுற்று. பதினோரு வருஷமாகத் தன்னைத் தோற்கடிக்கும் கீழ்வீட்டு லெஃப்தெரிஸை இன்று மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். லெஃப்தெரிஸ் முடிதிருத்துகிறவர். கம்பளத்திலிருந்து தப்பிக்கும் யோசனையை நேற்று அவரிடமும் பெருமையாக அளந்திருந்தார்.

காலையிலேயே சோபாவில் சாய்ந்துகொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"எவந்தியா, முதுகெலும்பு முடியுற இடத்துல ஒரு எலும்பு இருக்கே, அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"சோம்பேறி எலும்பா?"

"புனித எலும்பு. நம்ம கிரேக்கப் பாட்டனுங்க வச்ச பேரு. லத்தீன்காரன் அதையே எடுத்துக்கிட்டான். ஜெர்மன்காரன் சிலுவை எலும்புங்கறான். அந்தக் காலத்துல பலி ஆட்டுல இதை மட்டும் தெய்வத்துக்குன்னு ஒதுக்கி வச்சாங்களாம். இத்தனை பாஷைக்காரனும் மதிக்கிற எலும்பை வளைச்சு நான் கம்பளம் தூக்கலாமா?"

எவந்தியா சண்டைக்கு வரவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"அடடா, இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே," என்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "நீங்க அசையாதீங்க."

பத்தே நிமிஷத்தில் அவர் காலடியில் எண்ணெய் விளக்கு எரிந்தது. மத்தியானம் அடுப்பில் ஆட்டுக்கறி மணந்தது. தட்டில் பருப்புத் தண்ணீர்தான் வந்தது.

"கறி எங்கடி?"

"புனிதத்தை உடம்புல வச்சுக்கிட்டுக் கறியாங்க? இன்னிக்கு விரதம்."

மூன்று மணிக்கு லெஃப்தெரிஸின் மனைவி கலிரோயி நொண்டிக்கொண்டே வந்தாள். வேண்டுதலுக்காகக் கோயில் படத்தின் முன் தொங்கவிடுகிற சின்னத் தகரக்கால் ஒன்றை அவர் இடுப்பு வாரில் கட்டினாள்.

"என் முழங்கால் வலி தீரணும்," என்று மூன்று தரம் குனிந்து கும்பிட்டுப் போனாள்.

"என்னடி கூத்து இது?"

"பேசாதீங்க. ஆறு மணிக்குப் பாதிரியார் சம்சாரம் பாட்டுக் குழுவோட வராங்க."

"அஞ்சு மணிக்கு எனக்கு ஆட்டம் இருக்குடி."

"பகடை உருட்டுற எடத்துக்குப் புனித எலும்பைக் கொண்டு போறதா? ஊரு என்ன பேசும்?"

ஸ்டமாதிஸ் சோபாவை விட்டுத் துள்ளி எழுந்தார். லெஃப்தெரிஸ் ஆடாமலே ஜெயித்துவிடுவானே.

"அது சும்மா எலும்புடி. ஆட்டுக்கும் இருக்கு, மாட்டுக்கும் இருக்கு. ஏணி எங்க?"

ஏழு கம்பளம். இறக்கினார், உதறினார், விரித்தார். தகரக்கால் கூடவே கிணுகிணுத்தது. அதை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் ஓடி, ஐந்து அடிக்கும்போது காபிக்கடை நாற்காலியில் போய் விழுந்தார்.

எதிரே லெஃப்தெரிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையிலும் அந்துருண்டை நெடி. பகடையைத் தொடாமல், ஸ்டமாதிஸின் வாரில் ஆடிய தகரக்காலையே வெறித்துப் பார்த்தார்.

"மத்தியானம் வரைக்கும் அது என் இடுப்புல தொங்கிச்சு," என்றார்.