உறைந்த எண்ணெயில் இரண்டு சொட்டு

மதிப்பிற்குரிய அழகுக் குறிப்புப் பகுதி ஆசிரியருக்கு, ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வாசகனின் வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நல்ல மேனியோடு இருக்க வேண்டுகிறேன்.

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் கட்டுரைகளை நீங்கள் திருப்பி அனுப்பியபோதுகூடப் பேசாமல்தான் இருந்தேன். ஆனால், 'முகப்பொலிவுக்குத் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு லவங்கப்பட்டை எண்ணெய் விட்டுத் தடவவும்' என்று எழுதினீர்களே, தைக் குளிரில் எங்கள் மலையில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும் என்று உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா? சொட்டு கலக்காமல் மேலேயே பரவி நின்றது. என் மனைவி அதை நான்கு விரலால் வழித்துக் கன்னத்தில் இழுத்தாள். "ஐயோ, எரியுதுங்க!" தண்ணீர் விட்டுக் கழுவியும் அடங்கவில்லை. கடைசியில் தேங்காய் எண்ணெயை உருக்கி, பஞ்சில் தொட்டு நானே துடைத்துவிட்டேன். எரிச்சல் தணிந்தது. நான்கு விரல் தடம் மட்டும் சிவப்பாக நின்றது. பார்த்தால் நான் அறைந்தது போலவே இருந்தது.

மறுநாள் போளூரில் அவள் தம்பி மகளுக்கு நலங்கு. அத்தைக்காரி இவள்தான் முதலில் மஞ்சள் பூச வேண்டும். தம்பியும் நானும் பேசிப் பல வருடமாகிறது. தப்பு அவனுடையது. "இந்த மூஞ்சியோட நான் வரலீங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். "உன்னை யாரு இத்தப் பூசச் சொன்னது?" என்றேன். "நீங்க என்னை நல்லா வெச்சிருக்கீங்கன்னு அவங்க பாக்கட்டும்னுதான்."

"கெளம்பு, எவன் இன்னா சொன்னாலும் சொல்லிட்டுப் போறான்" என்றேன். பஸ்ஸில் எல்லாரும் என் கையையே பார்த்தார்கள்.

வாசலிலேயே தம்பி மறித்தான். "அக்கா, மூஞ்சில இன்னா அது?"

"எண்ணெ பூசுனேன்டா."

"அடி வாங்குன எல்லாரும் இத்தத்தாங்க்கா சொல்றாங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். உருக்கிக் கலந்தால் நல்லதுதான் என்று கல்யாணப் பெண்ணுக்காகக் கொண்டுவந்திருந்த அந்த லவங்கப்பட்டை எண்ணெய்ப் புட்டியைத் திறந்து, என் மனைவி நான்கு விரலால் அவன் கையில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். இத்தனை வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு: "மாமா, எரியுது மாமா! எதுனா போடுங்களேன்!" தேங்காய் எண்ணெய் வாங்கித் துடைத்துவிட்டேன். தன் கையைப் பார்த்தான், அக்கா கன்னத்தைப் பார்த்தான். "போக்கா, நீ போய் நலங்கு வை" என்றான். எனக்கு நாற்காலி போட்டான்.

ஆகவே மறுப்பு வெளியிட்டு, அந்தப் பகுதியையே நிறுத்திவிட வேண்டுகிறேன். தங்கள் வீட்டில் எல்லா நலமும் தங்கட்டும்.

பின்குறிப்பு: பகுதியை நிறுத்த வேண்டாம். அடுத்த வாரம் குதிகால் வெடிப்பு பற்றி வருமாமே, அவள் காத்திருக்கிறாள். மறுப்பும் வேண்டாம். 'மலைவாசிகள் எண்ணெயை உருக்கிக்கொள்ளவும்' என்று ஒரு வரி போதும். கீழே பெயர் எழுதப் போனேன். அதை நீங்கள் அச்சில் போட்டால், அவள் எனக்காகப் பூசிக்கொண்டது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அது எங்களோடு இருக்கட்டும். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.