அன்னார் நலமாக இருக்கிறார்

ஒரு மனிதரின் குரலைக் கேட்டதும் அடுப்பில் கிடக்கும் உலையை இறக்கி வைத்துவிட்டு யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியே வாசலுக்கு ஓடி வந்தது என்றால், அது அன்னார் அண்ணையின் குரலுக்கு மட்டும்தான். அமைச்சர்கள் வந்தபோதுகூட நாங்கள் இப்படி ஓடியதில்லை.

அவருடைய தொழில் மரண அறிவித்தல். ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், யார் காலமானார், எத்தனை மணிக்குத் தகனம் என்று வாசிப்பார். அறிவித்தலின் இரண்டாவது வசனம் எப்போதும் ‘அன்னார்’ என்றுதான் தொடங்கும். அதை அவர் இழுத்து வாசிக்கும்போது, செத்தவரைத் தெரியாதவர்களுக்கே கண் கலங்கும். கடைசியில் அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கக்கூடும். நான் பார்த்ததில்லை.

அந்தக் குரலுக்கு வேறு எந்த வேலையும் ஒத்துவராது. நாய்களுக்கு விசர் தடுப்பூசி போடுகிறார்கள் என்று அறிவிக்க ஒருமுறை அவரைப் பிடித்தார்கள். இரண்டாவது ஒழுங்கையைத் தாண்டும் முன்னரே மூன்று வீடுகளில் ஒப்பாரி. நாலாவது வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, “எந்த வீடு, அண்ணை?” என்று கேட்டபடி சைக்கிளில் பின்னால் வந்தார். அன்று ஊசி போட்டுக்கொண்டது, சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்த அந்த மனிதருடைய நாய் ஒன்றுதான்.

நான் அப்போது கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பொது நூலகத்தில் நூலகராக இருந்தேன். வாசிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டு போக, பொட்காஸ்ட் தொடங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஊரின் பழைய கதைகளை அறிந்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்து, சனிக்கிழமை தோறும் இணையத்தில் ஏற்றுவது. பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறையில், எதிரொலி வராமல் சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டோம். பேசுகிறவரை அறிமுகம் செய்ய ஒரு குரல் வேண்டும். என் குரல் எப்போதும் தடிமன் பிடித்த குரல்.

அன்னார் அண்ணை தானாக வந்தார்.

“முப்பது வருசமாச் செத்த ஆக்களைப் பற்றித்தான் வாசிச்சனான், பிள்ளை. என்னைக் கண்டால் சனம் நெஞ்சிலை கை வைக்குது. உயிரோடை இருக்கிற ஒராளைப் பற்றி ஒருக்கா எண்டாலும் வாசிக்க வேணும்.”

இதற்கு எப்படி இல்லை என்பது? ஆனால் கதிரையில் இருத்தி மைக்கைக் கொடுத்தால் குரல் வரவில்லை. “ஓடுற வாகனத்திலை பழகின தொண்டை, பிள்ளை” என்றார். ஆகவே அவர் ஓட்டோவில் இருந்து நூலகத்தைச் சுற்றிச் சுற்றி ஓட, நான் பின்சீற்றில் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தேன். சந்திக்குச் சந்தி சொல்லிப் பழகியதால் எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தார். இரண்டாவது தரத்தை வெட்டி எடுப்பதற்கே எனக்கு ஒரு பின்னேரம் போனது.

முதல் விருந்தினர் பரமேஸ்வரி அக்கா. கொடிகாமம் சந்தையில் நாற்பது வருடம் மாம்பழம் விற்றவர். கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் கண்ணை மூடிக்கொண்டு மணத்தாலேயே பிரித்துச் சொல்வார். ஒரு மணித்தியாலம் சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னார். அதற்கு முன்னால் அன்னார் அண்ணை, தானே எழுதி வந்த அறிமுகத்தை வாசித்திருந்தார்:

“கொடிகாமத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி பரமேஸ்வரி இராசையா அவர்கள். அன்னார், காலஞ்சென்ற சின்னத்தம்பி தெய்வானை தம்பதிகளின் கனிஷ்ட புதல்வியும், காலஞ்சென்ற இராசையாவின் அன்பு மனைவியும், ரவீந்திரன் (கனடா), சுகந்தி (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இதைக் கேட்டபோது உனக்கு உறைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். சத்தியமாக உறைக்கவில்லை. யாருடைய பிள்ளை, யாருடைய பெண்சாதி, பிள்ளைகள் எந்த நாட்டில் என்று சொல்லாமல் ஒரு மனிதரை எப்படி அறிமுகம் செய்வது? சரியாகத்தான் இருக்கிறது என்று சனிக்கிழமை மத்தியானம் ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அக்காவின் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் முதல் நிமிடத்தைக் கேட்டார்கள். அதற்கு மேல் கேட்க யாருக்கு மனம் வரும்? வட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. ஞாயிறு காலை பரமேஸ்வரி அக்கா கத்தரிக்காய் வாங்கச் சந்தைக்குப் போனபோது, சந்தியில் ஒருவன் ஏணியில் நின்று கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டிக்கொண்டிருந்தான்.

“ஆர் தம்பி செத்தது?” என்று அக்கா கீழே நின்று கேட்டிருக்கிறார்.

அவன் திரும்பாமலே, “மாம்பழக்கார பரமேஸ்வரி அக்கா” என்றான்.

“பாவம், நல்ல மனுசி. உந்த இடப்பக்கக் கயிறை இழுத்துக் கட்டு. மூஞ்சை கோணலாக் கிடக்கு.”

அவன் அப்போதுதான் குனிந்து பார்த்தான். ஏணிப்படி ஒன்றையும் மிதிக்காமல் இறங்கியவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

திங்கள் காலை நூலகம் திறக்க முன்னரே, நூலகத்தை நடத்தும் பிரதேச சபையின் செயலாளர் தொலைபேசியில் வந்தார். பதிவை அழிக்க வேண்டும், அந்த மனிதரின் குரல் இனி நூலகத்தின் பெயரில் எங்கும் கேட்கக்கூடாது என்றார். நான் அதை அன்னார் அண்ணையிடம் சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. நான் முதலில் கொடுத்திருந்த மைக்கை ஒரு துணியால் துடைத்து என் மேசையில் வைத்தார்.

“நான் வாழ்த்தினாலும் அது செத்தவீடாத்தான் முடியுது, பிள்ளை. என்ரை தொண்டை அப்பிடி. நீர் யோசியாதையும்.”

அந்த நேரம் பார்த்துப் பரமேஸ்வரி அக்கா பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நாங்கள் கதைத்தது வாசலிலேயே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அன்னார் அண்ணை அகராதிகள் இருக்கும் அலுமாரிக்குப் பின்னால் போனார். ஆறடி மனிதருக்கு அந்த அலுமாரி காணாது.

“வெளியிலை வாரும்” என்றார் அக்கா. “என்ரை மோன் நாலு வருசமா என்னோடை கதைக்கிறேல்லை. அவன்ரை கலியாணத்துக்கு நான் போகேல்லை எண்ட கோவம். நேற்று போன் எடுத்து, அம்மா எப்ப மோசம் போனவ எண்டு என்னட்டையே கேக்கிறான்.”

“நீங்கள் என்ன சொன்னியள்?” என்றேன்.

“நான் இன்னும் சாகேல்லை, நீ சாப்பிட்டியோ எண்டன். பேந்து இரண்டு பேரும் அழுது முடிய முக்கால் மணித்தியாலம் போச்சு. மருமோளும் கதைச்சவள். நல்ல பிள்ளை. நான்தான் விசரி.”

பதாகையை மேசையில் விரித்தார். “படம் வடிவா வந்திருக்கு, நான் வீட்டை கொண்டுபோறன். உந்த மனுசனை நிப்பாட்டினால் உங்கடை வாசலை மறிச்சு மாம்பழக் கடை போடுவன் எண்டு உங்கடை செயலாளரிட்டைச் சொல்லும்.”

நான் சொல்லவில்லை. அக்காவே என் மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்துச் சொன்னார். செயலாளர் இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை: எந்த அறிமுகமும், பேசுகிறவர் உயிரோடு இருக்கிறார் என்றுதான் தொடங்க வேண்டும். அப்படித்தான் எங்கள் பொட்காஸ்ட்டுக்கு ‘அன்னார் நலமாக இருக்கிறார்’ என்ற முதல் வசனம் வந்தது.

கதை ஊரெல்லாம் பரவ, அடுத்த கிழமை நூலக வாசலில் வயதானவர்கள் வரிசையில் நின்றார்கள். உடுப்பிட்டியில் இருந்து இரண்டு பஸ் மாறி ஒரு ஐயா வந்திருந்தார்.

“தம்பி, எனக்கு உந்த ‘நலமாக இருக்கிறார்’ வேண்டாம். முதல் வாசிச்ச மாதிரியே வாசியும். என்ரை மோள் ஒஸ்ரேலியாவிலை இருக்கிறாள்” என்றார் அன்னார் அண்ணையிடம்.

நான் சிரித்துவிட்டேன். அன்னார் அண்ணை சிரிக்கவில்லை.

“இல்லை ஐயா. உயிரோடை இருக்கிற ஆளை உயிரோடை எண்டுதான் வாசிப்பன். அதுக்குத்தான் இஞ்சை வந்தனான். மோளின்ரை நம்பரைத் தாருங்கோ.”

நான் பின்சீற்றில் பதிவு செய்ய, ஐயாவை ஓட்டோவில் பக்கத்தில் இருத்திக்கொண்டு மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். நூலகத்தை ஒரு சுற்றுச் சுற்றியபடி, ஐயாவின் தாய் தகப்பன் பெயரில் தொடங்கி, முழு அறிமுகத்தையும் அந்தப் பிள்ளைக்கு வாசித்தார். “அன்னார் நலமாக இருக்கிறார். ஒருக்கா வந்து பாருங்கோ” என்று, அந்த முதல் வசனத்தைக் கடைசியில் வைத்து முடித்தார். வழக்கம்போல இரண்டு தரம். அந்த இரண்டாவது தரத்தை வெட்ட வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

இப்போது இடமாற்றம் கிடைத்துத் தெல்லிப்பழைப் பக்கம் வந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் சமைத்தபடி அவருடைய குரலைக் கேட்கிறேன். அடுப்பை அணைப்பதில்லை. அவர் என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனாலும் எனக்கான அறிவித்தலை அவர்தான் வாசிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்கு அவர் இன்னும் எத்தனை வருடம் இருக்க வேண்டுமோ, அத்தனை வருடமும் இருக்கட்டும்.